50, 75, 100, மறுபடி 50: என் தைராய்டு டோஸ்தான் எது?

கேள்வி: வயது 36, எடை 62 கிலோ, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 18, ஆன்டி டி.பி.ஓ. (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டெஸ்ட்) பாசிட்டிவ். 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் டி.எஸ்.எச். 11 வந்தது, டோஸை 75 ஆக்கினார்கள். இன்னும் மூன்று வாரத்தில் 7, உடனே 100. நாலு மாதம் கழித்து வேறொரு டாக்டரிடம் போனபோது 0.2. "ஓவர் டோஸ்" என்று மறுபடி 50 ஆக்கினார். அப்புறம் 9.4. இப்போது மூன்றாவது டாக்டர் 75 கொடுக்கிறார். போன மாதம் 6.1. "பத்துக்குக் கீழேதானே, இருக்கட்டும்" என்கிறார். எனக்கோ எழுந்ததிலிருந்து அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுகிறது. 100 சாப்பிட்ட மாதங்களிலும் இதே கதைதான். படபடப்போ எடைக் குறைவோ எதுவும் இல்லை. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. காலை 5.15க்கு எழுந்து காபியின் முதல் வாயோடு போட்டுக்கொள்வேன். 7 மணிக்கு டிபன் முடித்ததும் ஐரன், கால்சியம். 100 சாப்பிட்ட சமயத்தில் முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் மூன்று மாதம் போட்டேன், கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டேன். ஹீமோகுளோபின் 9.8. எந்த டாக்டரைத்தான் நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்று டாக்டர்களும் கொஞ்சம் ஓரமாக உட்காரட்டும். முதலில் அந்தக் காபி டம்ளரைப் பார்ப்போம்.

ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுகிறீர்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் வாயில் போடுவது வேறு, ரத்தத்தில் சேருவது வேறு. தைராக்ஸின் மாத்திரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் மருந்து. 75 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சின்ன அளவை, பாலும் டிகாக்ஷனும் கலந்த காபியோடு குடலுக்குள் அனுப்பினால், அதில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே வெளியே போய்விடும். எவ்வளவு போகிறது என்பதும் தினம் ஒரே மாதிரி இருக்காது. அப்புறம் டிபன் முடித்ததும் ஐரனும் கால்சியமும். இவை இரண்டும் குடலில் தைராக்ஸினோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போக விடாது. குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். உங்களுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. குளித்து, சமையலைப் பாதி முடித்து, 6.15க்குக் காபி. ஒரு மணி நேரம் முடியாத நாளில் அரை மணியாவது. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐரன் ராத்திரி. காலையில் காபியைத் தள்ளிப்போடவே முடியாது என்றால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம்; ஐரனை அப்போது மாலை 5 மணி வாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு பத்தரைக்குப் படுக்கிறோம், அதனால் இதை நான் அதிகம் சொல்வதில்லை. இன்னொன்று, மாத்திரை பாட்டில் அடுப்பு மேல் அலமாரியில் இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சூடும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது.

சரி, டாக்டர்கள் பக்கம் வருவோம். முதலில் நடந்தது அவசரம். இன்று ரத்தத்தில் சேர்ந்த தைராக்ஸினில் பாதி, ஒரு வாரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதனால் ஒரு புது டோஸ் முழுதாக நிலைகொள்ள ஐந்தாறு வாரம் ஆகும். டி.எஸ்.எச். அதற்கும் கொஞ்சம் பின்னால்தான் வரும். மூன்று வாரத்தில் டெஸ்ட் எடுப்பது, உலை வைத்ததுமே சோறு வெந்ததா என்று கரண்டி விட்டுப் பார்க்கிற மாதிரி. 18, 11, 7 என்று எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று பார்க்க யாரும் காத்திருக்கவில்லை.

ஆனால் உங்கள் கதையில் என்னை உறுத்துவது அந்த 0.2தான். அது நிஜமாகவே அவ்வளவு குறைவா என்று எனக்குப் பலத்த சந்தேகம். பல லேப்களின் ஹார்மோன் பரிசோதனைக் கிட்டுகள் பயோட்டினைப் பயன்படுத்தியே வேலை செய்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய இருந்தால் மெஷின் ஏமாந்துபோகும்: டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், டி4ஐ (ரத்தத்தில் உள்ள தைராக்ஸினை) கூடுதலாகக் காட்டும். இரண்டும் சேர்ந்து ஓவர் டோஸ் போலவே அச்சு அசலாகத் தெரியும். ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவுதான். நீங்கள் போட்டது 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, மலச்சிக்கலும் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிஜ ஓவர் டோஸ் என்றால் இதில் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். அந்த லேப் எந்தக் கிட் வைத்திருந்தது என்று இப்போது தெரியாது, ஆகவே இது என் ஊகம்தான். ஆனாலும் 100ஐ ஒரே அடியில் 50 ஆக்கும் முன் "வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். முடி மாத்திரையை நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், அதை மருந்தாகவே நினைப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பார்க்கும்போது நாங்களும் கேட்பதில்லை. இனி எப்போதாவது பயோட்டின் எடுத்தால், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். இவ்வளவு பெரிய டோஸ் என்றால் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வேன்.

"பத்துக்குக் கீழே இருக்கட்டும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பத்து, இன்னும் மருந்தே ஆரம்பிக்காதவருக்கு ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில் பேசப்படும் எண். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிற 36 வயதுக்காரருக்கு 0.4 முதல் 4 வரை என்ற சாதாரண வரம்புக்குள் கொண்டுவருவதே இலக்கு. எழுபது தாண்டியவர் என்றால் 6ஐ நானும் விட்டுவிடுவேன்.

உங்கள் டோஸ் எவ்வளவு இருக்கலாம்? சுரப்பி முழுவதும் வேலை நிறுத்தியவர்களுக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு. 62 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 100 வருகிறது. உங்கள் சுரப்பி இன்னும் கொஞ்சம் சுரக்கலாம், ஆகவே அதற்குக் கீழேயே சரியாகலாம். அதற்காக இன்றே 100க்குத் தாவ வேண்டாம். காபியையும் ஐரனையும் தள்ளிவைத்ததுமே, அதே 75 அதிகமாக உள்ளே போகும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

அசதி முழுக்கத் தைராய்டின் கணக்கில் எழுத வேண்டாம். ஹீமோகுளோபின் 9.8 இருந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், முடியும் கொட்டும். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பாருங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுங்கள்; தைராய்டு குறைந்தாலும் அது கூடும், கூடினால் ரத்தம் குறையும்.

இனி ஒரே டாக்டர், ஒரே லேப், ஒரே நேரம். டி.எஸ்.எச். விடியற்காலையில் கூடுதலாகவும் மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும், அதனால் காலை 8 மணி என்றால் எப்போதும் 8 மணிதான். அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்: தேதி, டோஸ், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, அந்தச் சமயம் சாப்பிட்ட மற்ற மாத்திரைகள். மூன்றாவது டாக்டரிடமே அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவரை மாற்றத் தேவையில்லை. இதுவரை அவர் கையில் கடைசி எண் மட்டும்தான் இருந்திருக்கிறது. கர்ப்பம் உறுதியானால் மட்டும் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் அன்றே அவரிடம் சொல்லுங்கள், டோஸ் கூட்ட வேண்டிவரும்.

75ஐத் தண்ணீரோடு 8 வாரம் சாப்பிட்டுவிட்டு டெஸ்ட் எடுங்கள். 4க்கு மேல் இருந்தால், 88க்குப் போகலாமா என்று கேளுங்கள். அந்த அளவிலும் மாத்திரை கடையில் கிடைக்கிறது. 75க்கும் 100க்கும் நடுவில் ஒன்று இருப்பதை நாங்களே பல நேரம் மறந்துவிடுகிறோம்.