குண்டு யார் கையில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏஐ ஏஜென்ட் சங்கதி. வேலையைச் சொல்லிவிட்டால் தானே யோசித்துச் செய்துமுடிக்கும் ஏஐ புரோகிராம்தான் ஏஜென்ட். ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய மறுநாளே பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது. முப்பது வருடம் டேட்டாபேஸ் மேய்த்தவளுக்கு இது பழகிய பஞ்சாயத்துதான்.

பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், மேடம். நாலு ஏஜென்ட் வைத்திருந்தோம். ஒன்று பையர் மெயிலைப் படிக்கும், ஒன்று காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போடும், ஒன்று டையிங் யூனிட்டில் தேதி கேட்கும், ஒன்று பதில் எழுதும். மெயில் குவிகிறது என்று பதில் எழுதுவதை மட்டும் இரண்டாக்கினோம். போன வாரம் ஒரே பையருக்கு, ஒரே ஸ்டைலுக்கு, 4.10 டாலர் என்று ஒரு மெயிலும் 3.85 டாலர் என்று ஒரு மெயிலும் போய்விட்டது. அவர் எதைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘இன்னொரு ஏஜென்ட் பதில் எழுதுகிறதா என்று பார்த்துவிட்டு எழுது’ என்று இரண்டுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தோம்.
— வாசகர், திருப்பூர்

‘பார்த்துவிட்டு எழுது’ என்றீர்கள் இல்லையா, அந்தப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில்தான் உங்கள் 25 சென்ட் விழுந்தது. முதல் ஏஜென்ட் பார்த்தது, யாரும் எழுதவில்லை. இரண்டாவதும் பார்த்தது, யாரும் எழுதவில்லை. இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் எழுதியிருக்கின்றன. சாதாரண புரோகிராமில் இந்த இடைவெளி கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. ஏஜென்ட் உட்கார்ந்து யோசிக்கும். ஒரு நிமிடம்கூட எடுக்கும். அதற்குள் ஒரு கூட்ஸ் வண்டியே ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடும்.

வண்டி என்றதும் அப்பா ஞாபகம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார், மீட்டர் கேஜ் காலத்து விழுப்புரம்–தஞ்சாவூர் பாதையில். ஒற்றைத் தண்டவாளம். எங்கள் வீட்டில் ‘குண்டு’ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நீல்ஸ் டோக்கன் கருவியிலிருந்து உருண்டு வரும் இரும்புக் குண்டு. இந்த ஸ்டேஷனில் ஒரு கருவி, அடுத்த ஸ்டேஷனில் ஒரு கருவி, இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. இரண்டு மாஸ்டர்களும் மணியடித்து ஒத்துக்கொண்டால் ஒரு குண்டு வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியும் பூட்டிக்கொள்ளும். எந்தக் கொம்பனாலும் இன்னொரு குண்டை எடுக்க முடியாது. அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியில் இருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டுவார்கள். குண்டு கைக்கு வராமல் டிரைவர் அந்தப் பாதையில் நுழையமாட்டார். எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு குண்டு வேண்டும், ஏஜென்டின் புத்திக்கு வெளியே. எஸ்கியூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸ் போதும், ஒரே கோப்பு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும், அதுதான் நமக்கு வேண்டியதும். மெயிலுக்கு ஒரு வரி: என்ன நிலை, யார் எடுத்தார், எப்போது எடுத்தார். ஏஜென்ட் வேலையை எடுப்பது ஒரே கட்டளையாக இருக்கட்டும்: ‘நிலை காத்திருப்பு என்று இருந்தால் மட்டும் என் பெயருக்கு மாற்று.’ ஒரு வரி மாறியது என்று பதில் வந்தால் குண்டு அதன் கையில். பூஜ்யம் என்று வந்தால் வேறு யாரோ எடுத்தாயிற்று, அடுத்த மெயிலைப் பார்க்கலாம். பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயலாகிவிட்டதால் நடுவில் நுழைய இடமில்லை.

குண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு ஏஜென்ட் செத்துப்போனால்? ரயில்வேயில் குண்டு தொலைந்தால் ‘பேப்பர் லைன் கிளியர்’, அதாவது பாதை காலி, போகலாம் என்று தாளில் எழுதித் தருவார்கள். இரண்டு பக்கமும் ஒரு மனிதர் பொறுப்பேற்பார். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் ஆபீஸில் அப்படி யாரும் கிடையாது. கெடு வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் ‘இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்’ என்று புதுப்பிக்காவிட்டால் வேலை மறுபடி காத்திருப்புக்குப் போகட்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. செத்தது என்று நாம் காரியம் முடித்த ஏஜென்ட் பதினைந்தாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்து தன் பழைய பதிலை அனுப்பும். அதனால் வேலை கைமாறும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். அனுப்பும் வாசலில் கடைசி எண்ணைக் காட்டுகிறவருக்குத்தான் வழி.

நீங்கள் கேட்காத ஒன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காஸ்டிங் ஏஜென்ட் போட்ட விலையை இரண்டும் அப்படியே எடுத்திருந்தால் இரண்டு மெயில் போயிருக்கும், இரண்டு விலை போயிருக்காது. ஆளுக்கொரு கணக்குப் போட்டிருக்கின்றன. விலையை ஸ்டைல் எண்ணுக்கு எதிரே ஒரே இடத்தில் எழுத வையுங்கள். பதில் எழுதுகிறவர் அதைப் பார்த்து எழுதினால் போதும், யோசிக்கவே கூடாது.

ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எல்லா ஏஜென்டும் படிக்கவும் எழுதவும் பொதுவாக ஒரு நினைவுக் கோப்பு வைத்தேன். முதலில் அருமையாகத்தான் இருந்தது. இப்போது 900 வரியாகிவிட்டது. பில் போடும் ஏஜென்ட் 1,800 ரூபாய்ச் சட்டைக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி போடுகிறது. எங்கிருந்து கற்றுக்கொண்டது என்றே தெரியவில்லை.
— வாசகி, ஈரோடு

உங்கள் கோப்பிலிருந்துதான், அம்மா. முன்பு ரெடிமேட் துணிக்கு ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அந்த 900 வரியில் எங்கோ ‘ஆயிரத்துக்கு மேல் 12 சதவீதம்’ என்று ஓர் ஏஜென்ட் குறித்து வைத்திருக்கும். எழுதிய அன்று அது சரி. தேதி போடாமல் எழுதியதுதான் கோளாறு. வரி விகிதம், விலை மாதிரி மாறக்கூடியவற்றுக்கு நினைவுக் கோப்பில் இடமே கொடுக்காதீர்கள். அவற்றுக்குத் தனி டேபிள் வைத்து, திருத்தும் சாவியை உங்கள் இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள்.

நானும் இதில் அடிபட்டவள். அப்பா தன் பாட்டுக்கு எழுதிவைத்த நாட்குறிப்புகள் 22 நோட்டு இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, ஒரு ஏஜென்ட் தட்டெழுத, இன்னொன்று சரிபார்க்க, மூன்றாவது ஊர், வண்டி, பெயர் என்று அட்டவணை போட, நாலாவது வேலை பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அப்பா பக்கத்துக்குப் பக்கம் ‘எம்.வி.’ என்று எழுதியிருப்பார். அது மாயவரம். ஊர் மயிலாடுதுறை ஆன பிறகும் ரயில்வே குறியீட்டில் மாயவரத்தின் எழுத்துதான் நிற்கிறது. தட்டெழுதிய ஏஜென்டுக்கு இது எங்கே தெரியும்? யோசித்துப் பார்த்து, பொது நினைவில் ‘எம்.வி. என்றால் மோட்டார் வாகனம்’ என்று குறித்துவிட்டது. சரிபார்க்கும் ஏஜென்ட் அந்தக் குறிப்பைப் படித்தது, ஒத்துக்கொண்டது. அட்டவணை போடுகிறதும் ஒத்துக்கொண்டது. நான் பார்த்தபோது மூன்றாவது நோட்டில் ‘மோட்டார் வாகனம் லைன் கிளியர் தரவில்லை, 40 நிமிடம் காத்திருந்தோம்’ என்று இருந்தது. சிரித்து முடித்த பிறகு எண்ணினேன்: 63 இடம்.

மூன்று ஏஜென்ட் ஒத்துக்கொண்டதே, மூன்று சாட்சி இல்லையா என்று தோன்றும். ஒரே வதந்தியை மூன்று பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கோப்பில் ஒவ்வொரு குறிப்போடும் யார் எழுதியது, என்றைக்கு, எந்த நோட்டு எந்தப் பக்கம் என்பது இருக்கும். ‘பார்த்தது’, ‘ஊகித்தது’ என்று ஒரு முத்திரையும் உண்டு. ஊகத்தை நான் பார்த்துச் சரி சொல்லும்வரை அடுத்த ஏஜென்டுக்குக் காட்டுவதில்லை. தப்பு என்று தெரிந்த குறிப்பை அழிக்கவும் மாட்டேன். அடித்துவிட்டு, பக்கத்தில் புதியதை எழுதுவேன். அழித்தால் அடுத்த வாரம் அதே ஊகம் புதுசாகப் பிறந்து வருகிறது. பட்டுத் தெரிந்துகொண்டது.

900 வரியையும் எல்லா ஏஜென்டுக்கும் ஊட்டாதீர்கள். நீளமான உரையின் நடுவில் கிடப்பதை, ஏஜென்டுக்குள் இருந்து யோசிக்கும் மொழி மாதிரிகள் கோட்டைவிடுகின்றன என்று 2023-லேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். பில் போடுகிறதற்கு பில் சம்பந்தப்பட்ட இருபது வரி போதும்.

கிண்டி பொறியியல் கல்லூரி மாணவன். பொது நினைவு வைத்துப் பல ஏஜென்டுகளை இணைப்பதுதான் என் புராஜெக்ட். புதுத் தலைப்பு என்று சொன்னேன். பேராசிரியர் ‘ஐம்பது வருடப் பழசு’ என்கிறார். எப்படி?
— வாசகர், சென்னை

சரியாகத்தான் சொல்கிறார், தம்பி. அதுவும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கல்லூரியில் 1958-ல் சிவில் படித்து முடித்தவர் செய்த வேலை. ராஜ் ரெட்டி, சித்தூர் மாவட்டத்துக் காட்டூர்க்காரர். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா 1971-ல் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு ஐந்து வருடத் திட்டம் போட்டது. ஆயிரம் சொல் தெரிந்தால் போதும் என்பது இலக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரெட்டியின் குழு செய்ததுதான் ஹியர்சே-2.

அதில் ஒலி தெரிந்த ஒரு நிரல், அசை தெரிந்த ஒன்று, சொல் தெரிந்த ஒன்று, தொடர் தெரிந்த ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடாது. மற்றவை இருப்பதே தெரிய வேண்டியதில்லை. நடுவில் ஒரு கரும்பலகை. அவரவருக்குத் தோன்றியதை அதில் எழுதுவார்கள். பலகை மாறியதைப் பார்த்து அடுத்தவர் வேலை தொடங்குவார். எழுதும் ஒவ்வொரு ஊகத்துக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பெண்ணும் சேர்த்தே எழுதப்படும். மேலே என் மோட்டார் வாகனக் கதையைப் படித்தீர்களா? அந்த மதிப்பெண் மட்டும் இருந்திருந்தால் எனக்கு 63 திருத்தம் மிச்சம்.

ஒன்றை உங்கள் அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். 1976-ல் பரீட்சை வைத்தபோது ஹியர்சேயை முந்தியது அதே பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பி. அதில் பலகையும் இல்லை, பல பேரும் இல்லை. எல்லா அறிவையும் முன்கூட்டியே ஒரே வலைப்பின்னலாகக் கோத்துவைத்து அதில் தேடியது. ஹார்ப்பியும் ரெட்டியின் வீட்டுப் பிள்ளைதான் என்பதால் அவருக்கு நஷ்டமில்லை. 1994-ல் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதும் வந்தது. உங்கள் புராஜெக்ட்டை ஒரே ஏஜென்ட் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணையும் போடுங்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

பத்து ஏஜென்ட் வைத்தால் பத்து மடங்கு வேகமா?
— வாசகி, சேலம்

செலவு வேண்டுமானால் ஏறும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஜூனில் தன் பல-ஏஜென்ட் ஆராய்ச்சிக் கருவியைப் பற்றி எழுதியபோது, சாதாரண உரையாடலைப் போல சுமார் 15 மடங்கு டோக்கன் செலவாகிறது என்று கணக்குக் காட்டியது. (இந்த டோக்கன் வேறு, அப்பாவின் டோக்கன் வேறு. இது ஏஐ படிக்கும், எழுதும் சொல்துண்டு; அதை எண்ணித்தான் மீட்டர் ஓடும்.) ஆரம்ப நாட்களில் சின்னக் கேள்விக்கே 50 துணை ஏஜென்டுகளை அது கிளப்பிவிட்டதாம். பத்துப் பேர் ஒருவரோடொருவர் பேச 45 ஜோடி. மூன்று பேருக்கு மூன்றுதான். ஒன்றையொன்று தொடாத வேலை என்றால் பிரியுங்கள்: பத்து கடையில் விலை விசாரிப்பது மாதிரி. ஒரே கடிதத்தைப் பத்துப் பேர் எழுத வேண்டாம்.

ஏஜென்டுகளுக்குப் பெயர் வைக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. என்னிடம் இருப்பவர்கள் பாயின்ட்ஸ்மேன், கார்டு, கேட்கீப்பர், கன்ட்ரோலர், எல்லாம் ரயில்வே வேலைக்காரர்கள். யார் எப்போது என்ன செய்தார் என்று குறிக்கும் லாக்கில் அதே பெயர் பதிவாக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பழைய நூல்களைத் தட்டெழுதித் திருத்தித் தரும் வேலை செய்கிறோம். டாஸ்க் போர்டில் 12 அத்தியாயமும் ‘முடிந்தது’. திறந்து பார்த்தால் அத்தியாயம் 7 பாதியில் நிற்கிறது. கேட்டால் ‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி’ என்கிறது. எத்தனை தடவை மன்னிப்பது?
— வாசகர், புதுச்சேரி

மன்னிப்பதை விடுங்கள், ‘முடிந்தது’ என்ற பொத்தானை அதன் கையிலிருந்து பிடுங்குங்கள்.

வண்டி வருவதற்கு முன் அப்பா போனில் லெவல் கிராசிங் கேட்கீப்பரைக் கூப்பிடுவார். ‘மூடிட்டேன் சார்’ என்றால் போதாது. ‘பிரைவேட் நம்பர் சொல்லு’ என்பார். கேட்கீப்பரிடம் அச்சடித்த எண் பட்டியல் ஒன்று இருக்கும். வரிசையில் அடுத்த எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட்டு வண்டி எண்ணை எழுதிக்கொள்வார். அப்பாவும் தன் பதிவேட்டில் எழுதுவார். பிறகு யார் என்ன சொன்னார் என்ற தகராறு வராது. ஆனாலும் கேட்டை மூடாமலே நம்பர் கொடுக்க ஒருவரால் முடியும். அதனால்தான் இன்டர்லாக் செய்த கேட் வந்தது: கேட் விழுந்து பூட்டினால்தான் வண்டிக்கு வழிவிடும் சிக்னலே இறங்கும். அங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

என் போர்டில் ஏஜென்ட் ‘பார்வைக்கு’ என்பதுவரைதான் நகர்த்த முடியும். அங்கிருந்து ‘முடிந்தது’க்குத் தள்ளுவது நான் எழுதிய பதினாலு வரி புரோகிராம், முடிந்ததா என்று தீர்மானிப்பதில் ஏஐ கிடையாது. படங்கள் எத்தனை, தட்டெழுதிய பக்கங்கள் எத்தனை என்று எண்ணும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் வேறொரு ஏஜென்டைப் படத்திலிருந்து தனியாகப் படிக்கவைத்து ஒப்பிடும். தட்டெழுதியதை அந்த ஏஜென்டுக்குக் காட்டவே மாட்டேன், காட்டினால் தலையாட்டிவிடும். எண் பொருந்தாவிட்டால் வேலை எந்தப் பக்கத்தில் நின்றதோ அந்தக் குறிப்போடு காத்திருப்புக்குத் திரும்பும்.

அத்தியாயம் 7-ஐ இப்போதே திருப்பி அனுப்புங்கள். மற்ற பதினொன்றையும் எண்ணிப் பார்த்தீர்களா, அல்லது அவை முடிந்ததென்றும் அந்த போர்டுதான் சொன்னதா?