கொடியில் காயும் துணி கொதிக்கிறதா?

அன்புள்ள ஐயா,

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. டர்பனில் வேகிற நேரத்தில் இங்கே சுகர் பீன்ஸ் வேகவே மாட்டேன் என்கிறது, தண்ணீர் என்னவோ தளதளவென்று கொதிக்கிறது. துணியோ குளிர்காலத்தில்கூட மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் கொதித்தால்தானே ஆவியாகும், கொடியில் துணி கொதிக்கிறதா என்று மகள் கேட்கிறாள். தைப்பூசத்துக்கு வாங்கிய கற்பூரமும் டப்பாவில் பாதியாகிவிட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதே இல்லை. தண்ணீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, மேற்பரப்பில் வேகமாக ஓடுகிறவை எந்தச் சூட்டிலும் பிய்த்துக்கொண்டு காற்றில் கலந்துவிடும், போகும்போது சூட்டையும் எடுத்துப்போவதால்தான் ஈரத்துணி தொட்டால் ஜில்லென்கிறது. போனதில் கொஞ்சம் திரும்பியும் வரும். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் டர்பனில் கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தோடு இருப்பதால் நிறையவே திரும்பி வருகிறது, துணி நாளெல்லாம் நசநசவென்று தொங்குகிறது. உங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று வறண்டது, போனது போனதுதான்.

கொதிப்பது வேறு. தண்ணீருக்குள்ளேயே ஆவி குமிழியாக எழும்ப வேண்டுமானால் மேலிருந்து அழுத்தும் காற்றுக்கு அது ஈடுகொடுக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான், அதனால் தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அப்புறம் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, கூட்டிய சூடெல்லாம் ஆவியோடு போய்விடும். பீன்ஸ் போன்ற கெட்டியான பயறுக்கு அந்த ஆறு டிகிரி பெரிய குறை. குக்கரில் வையுங்கள். ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் உங்கள் ஊரிலும் 115 டிகிரியைத் தாண்டும்.

கற்பூரம் உருகாமல் நேராக ஆவியாகிற பொருள், பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நாலு மிளகு போட்டுவைத்தால் கரையாது என்று என் அம்மா சொல்வார், நானும் வெகுகாலம் அப்படித்தான் வைத்தேன். உண்மையில் காப்பது இறுக்கமான மூடி. உள்ளே கற்பூர ஆவி நிரம்பிவிட்டால் போவதும் வருவதும் சமமாகிவிடும், டர்பன் துணி மாதிரி. உங்கள் டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அதன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தால் அதுவும் கற்பூரம்தான், வழித்துத் தட்டில் போட்டு ஏற்றலாம்.