மாத்திரையோடு சோறும்: காசநோயாளரின் உணவு குறித்த கேள்வி பதில்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக உணவியலாளராகப் பணியாற்றி வருகிறேன். காசநோயும் உணவும் குறித்துப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (திருவண்ணாமலை, நோயாளரின் மகன்): அப்பாவுக்கு நுரையீரல் காசநோய். மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. எடை 41 கிலோ, உயரம் 160 செ.மீ. அவருக்கு எந்தச் சிறப்பு உணவைக் கொடுக்க வேண்டும்?

பதில்: தம்பி, காசநோய்க்கென்று சிறப்பு உணவு எதுவும் கிடையாது. வழக்கமாக உண்ணும் உணவே போதும், ஆனால் அது போதுமான அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் கடினம். நோய் முற்றும்போது காய்ச்சலும் அழற்சியும் உடலின் செலவைக் கூட்டுகின்றன, பசியோ அடங்கிவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய நிலையில் உடல் தன் தசையையே கரைத்து நாளை ஓட்டுகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் தணிந்து பசி திரும்பும். நீங்கள் எழுதியிருக்கும் காலம் அதுதான். இந்தச் சமயத்தில் தட்டு நிறையவில்லை என்றால் ஒரு நல்ல வாய்ப்பு நழுவிப்போகும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜார்க்கண்டில் 2,800 நோயாளர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பொடி, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப் பையைக் கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. சேர்ந்தபோது அவர்களில் ஐந்தில் நால்வர் எடை குறைந்தவர்களாக இருந்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. உங்கள் அப்பாவுக்கு அந்த 5 விழுக்காடு என்பது இரண்டு கிலோதான்.

அவர் உயரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்க வேண்டும். இருக்கும் எடைக்கு அல்லாமல், இருக்க வேண்டிய எடைக்குக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுங்கள். மூன்று வேளைக்குமாக 300 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கால் லிட்டர் பால் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 65 கிராம் புரதம் கிடைத்துவிடும். சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அளவு கூடாமலே ஆற்றல் கூடும். மூன்று வேளையாக உண்ண முடியாதவருக்கு ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீராகக் கரைத்த கஞ்சியால் வயிறு நிறையுமே ஒழிய உடம்பு தேறாது. கெட்டியான கஞ்சியில் பாசிப்பயறும் வறுத்த கடலை மாவும் சேருங்கள்.

கேள்வி (பெரம்பலூர், நோயாளரின் மனைவி): மருந்து சூடு என்பதால் முட்டை, கறி, மீன், கத்தரிக்காய் எதுவும் கூடாது, பத்தியம் இருக்க வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். மறுத்துப் பேசவும் முடியவில்லை.

பதில்: அம்மா, காசநோய் மருந்துக்குப் பத்தியம் இல்லை. எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பாதிப் பேராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். தேறுவதற்கு எந்த உணவு வேண்டுமோ அதையே பத்தியம் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏற்காததைச் செவிலியர் சொன்னால் ஏற்பவர்கள் நிறையப் பேர்.

விலக்க வேண்டியவை இரண்டுதான். முதலாவது மது. இந்த மருந்துகளில் மூன்று கல்லீரலைச் சோதிப்பவை என்பதால், சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இரண்டாவது, வாங்கி நேரமான சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள். சரியாகக் குளிரூட்டாத இவ்வகை மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. அதை உடைக்கும் நொதியைக் காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் மாத்திரை தடுப்பதால், சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அன்று பிடித்த மீன் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம், நெத்திலி, சங்கரா, விரால் எல்லாம் நல்ல புரதம்.

கேள்வி (சேலம், தறித் தொழிலாளர்): வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. சாப்பிட்ட பிறகு போடலாமா?

பதில்: காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உடலில் சேரும். எனவே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போடுவது நல்லது. ஆனால் குமட்டலுக்கு அஞ்சி மாத்திரையையே தவற விடுவதைவிட, இரண்டு இட்லியுடன் போடுவது மேல். இரவில் படுக்கும் முன் போடும்படி நேரத்தை மாற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்டும் பாருங்கள். வாயு மாத்திரையையும் செரிமானச் சிரப்பையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம், அவற்றில் சில ஐசோனியசிட் உடலில் சேர்வதைக் குறைக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, பசி அறவே நின்றாலோ அது கல்லீரலின் எச்சரிக்கை. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (மதுரை, இதே கேள்வியை மேலும் மூவர் கேட்டிருக்கிறார்கள்): ஆட்டு நெஞ்செலும்புச் சூப் நெஞ்சுச் சளியை அறுக்கும் என்கிறார்கள். டப்பாவில் விற்கும் புரத மாவும் வாங்கியிருக்கிறோம். இரண்டில் எது நல்லது?

பதில்: சூப்பில் சுவையும் உப்பும் சிறிது கொழுப்பும் இறங்குகின்றன, புரதத்தின் பெரும் பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. சாற்றை நோயாளருக்குக் கொடுத்துவிட்டுக் கறியைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டையும் நோயாளருக்கே கொடுங்கள். டப்பா மாவில் தவறு ஒன்றும் இல்லை, விலைதான் தவறு. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கேழ்வரகு, பாசிப்பயறு ஆகியவற்றைச் சேர்த்து வீட்டிலேயே அரைத்த சத்துமாவு, அந்த டப்பாவின் விலையில் சிறு பங்குக்குள் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்): எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இப்போது காசநோயும் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஐயா, இருவரும் தத்தம் நோயைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் காசநோய் தேறுவதும் கெடும். எனினும் எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் உணவைக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே என் கருத்து. உணவை உடலின் தேவைக்கும், மருந்தை உணவுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வலுவைக் குறைத்துவிடுவதால், வழக்கமான அளவு போதாமல் போகலாம். சில மாதங்களுக்கு இன்சுலின் தேவைப்பட்டால் தயங்காதீர்கள். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் முட்டை, மீன், சுண்டல், தயிர், கடலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். கரும்புச் சர்க்கரை, வெல்லம், பழச்சாறு ஆகியவை வேண்டாம். நீங்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், அது பசியை மந்தமாக்குகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை, மருந்தியல் மாணவி): சென்னையில் 1950களில் நடந்த ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கி நல்ல உணவும் ஓய்வும் பெற்ற நோயாளர்களும், வறுமையில் வீட்டிலேயே இருந்து மருந்து எடுத்தவர்களும் ஒரே அளவில் குணமானார்கள் என்று படித்தோம். அப்படியானால் உணவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

பதில்: இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. அதன் முதல் பெரிய ஆய்வு, முடிவு 1959இல் வெளியானது, நீங்கள் குறிப்பிடுவதுதான். வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், நெரிசலில் வாழ்ந்தார்கள், வேலைக்கும் போனார்கள். ஆயினும் சளியில் கிருமி மறைவதில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்குப் பங்குண்டு, அது நல்லதற்கே. படுக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அன்றே வீட்டிலிருந்து மருந்து எடுக்க வழி பிறந்தது.

ஆனால் ஆய்வு எழுப்பிய கேள்வி எது என்பதைப் பாருங்கள். கிருமியைக் கொல்வது மருந்து, நல்ல சாப்பாடு இல்லையென்றாலும் அது கொல்லும் என்பதே அது நிறுவியது. மருந்தை விட்டுவிட்டு உணவால் குணப்படுத்தலாம் என்பவர்களுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. அதே ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக எடை ஏறினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உணவு கட்டாயமில்லை என்று சொன்ன முடிவை, உணவு பொருட்டில்லை என்று படித்துக்கொண்டு நாம் பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டோம் என்பது என் எண்ணம். சளியில் கிருமி இல்லை என்ற சீட்டோடு, மூட்டை தூக்க வலுவில்லாமல் வீடு திரும்பும் சுமைதூக்கும் தொழிலாளி முழுதும் குணமானவரா என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பவில்லை.

கேள்வி (கள்ளக்குறிச்சி, நோயாளரின் தங்கை): அக்காவின் எடை 30 கிலோ, உயரம் 155 செ.மீ. இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன. நிறையச் சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: அம்மா, இதைப் படித்தவுடன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், வீட்டில் வைத்துத் தேற்ற வேண்டாம். 30 கிலோவும் 155 செ.மீ. உயரமும் என்றால் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், 12.5. தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், இந்த எண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே உள்நோயாளராகச் சேர்ப்பதற்காக மதிப்பிட வேண்டும். 16 அல்லது அதற்குக் கீழ் இருந்து காலும் வீங்கியிருந்தால், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அப்படியே. இவற்றைக் கண்டறிய ஊடுகதிர்ப் படமோ இரத்தப் பரிசோதனையோ தேவையில்லை என்பதே அத்திட்டத்தின் சிறப்பு.

நீண்ட நாள் பட்டினியில் இருந்த உடலுக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து. உள்ளே வரும் மாவுச்சத்தைக் கையாளும் அவசரத்தில் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் போய்விட, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். எனவே தயமின் என்ற பி1 விட்டமினைக் கொடுத்து, குறைந்த அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக உயர்த்துவார்கள். அதை மருத்துவமனைப் படுக்கையில்தான் செய்ய முடியும்.

கேள்வி (கடலூர்): நோயாளருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டுமா? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: வேண்டாம். காசநோய் காற்றின் வழியே பரவுகிறது, தட்டின் வழியே அல்ல. பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து உண்டா என்று கேளுங்கள். அவர்களின் சாப்பாட்டையும் கவனியுங்கள். முன்னே சொன்ன ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளரின் வீட்டாருக்கும் அரிசி பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஒரே பானையில் சமைக்கும் வீட்டில் நோயாளருக்கு மட்டும் முட்டை என்று ஒதுக்கினால், அவர் அதைப் பிள்ளைக்கு ஊட்டிவிடுவார், நாம் தடுக்கவும் முடியாது.

கேள்வி (நாமக்கல்): விட்டமின் மாத்திரை அவசியமா?

பதில்: ஐசோனியசிட் எடுப்பவருக்கு கை கால் மரத்துப்போகாமல் இருக்க பி6 மாத்திரை தருவார்கள், அதை விடக் கூடாது. மற்றவை சோற்றுக்கு மாற்று அல்ல.

கேள்வி (விழுப்புரம், விவசாயக் கூலித் தொழிலாளி): இவ்வளவும் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? எடை கூடுகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஐயா, காசநோயாளரின் ஊட்டத்துக்கான நி-க்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுவதற்கும் ஒன்றிய அரசின் உதவித்தொகை உண்டு. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். வரவில்லையென்றால் பெரும்பாலும் கணக்கு எண்ணோ ஆதார் இணைப்போ தவறியிருக்கும், சிகிச்சை மேற்பார்வையாளரிடம் பாஸ்புத்தகத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, பாமாயில் மூன்றும் ரேஷனில் கிடைப்பதால், இந்தத் தொகையை முட்டைக்கும் கடலைக்கும் பாலுக்கும் ஒதுக்கலாம். கடைகளில் வெவ்வேறு எடைக் கருவிகளில் ஏறினால் கணக்கு குழம்பும். மாத்திரை வாங்கும் இடத்தில் உள்ள ஒரே கருவியில், செருப்பைக் கழற்றிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏறி நின்று, அந்த எண்ணைச் சிகிச்சை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் மாத முடிவில் அது அசையாமல் நின்றால், மருத்துவரே கேட்கும்வரை காத்திராமல் அட்டையை நீங்களே அவரிடம் நீட்டுங்கள்.