ஸ்பானிஷ் படித்து யாரிடம் பேசுவாள்? பல்லடத்துத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

நேற்று மாலை நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "நான்கு நிட்டிங் மெஷினை ஓட்டிப் படிக்க வைக்கிறேன். பி.காம். சேர்ந்து சி.ஏ. முடித்தால் எனக்கு நிம்மதி. இவள் ஸ்பானிஷ் என்கிறாள். அதைப் படித்து யாரிடம் பேசுவாள்?" உங்கள் மகள் எதிரிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததால் அப்போது முழுதாகப் பேச முடியவில்லை.

ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ போகும் பனியன் ஒன்றை எடுத்து, உள்பக்கத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'அல்கொதோன்' என்றால் பருத்தி. 'நோ உசார் லெஹியா' என்றால் பிளீச் போடக் கூடாது. இது ஸ்பெயின் வழக்கு. மெக்சிகோவில் பிளீச்சுக்கு 'பிளாங்கெயாதோர்' என்பார்கள். உங்கள் மெஷினில் ஓடும் துணியில் தைக்கிற டி-ஷர்ட்டுக்கு ஸ்பெயினில் கமிசேத்தா, மெக்சிகோவில் பிளாயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா, சிலியில் போலேரா என்று பெயர். எந்த நாட்டுக்காரரிடம் எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரிந்தவர் திருப்பூரில் எத்தனை பேர்?

ஸாரா துணிக்கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு ஆங்கிலமே போதும் என்று உங்கள் நண்பர் சொன்னாராம். சரிதான். கைபேசியே மெயிலை மொழிபெயர்த்துவிடுகிறது என்பதும் சரிதான். அதனால், நாலு வாக்கியம் கற்றுத் தந்து வேலை உறுதி என்று சொல்லும் மூன்று மாத வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த அளவு மொழிக்கு இனி சந்தை இல்லை. கொலம்பியாவிலோ பெருவிலோ இருக்கும் நடுத்தர இறக்குமதியாளரோடு விலை பேசவும், சரக்கில் குறை என்று அவர் கோபப்படும்போது சமாதானம் செய்யவும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதற்கு மூன்று வருடப் பட்டப்படிப்பின் ஆழம் வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டப்படிப்பில் பாதி இலக்கியம். இதை நீங்களும் அவளும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். 1605இல் முதல் பாகம் வெளிவந்த செர்வாந்தெஸின் 'டான் கிஹோத்தே' நாவலில் தொடங்கி, 1982இல் நோபல் பெற்ற கார்சியா மார்க்கேஸ் வரை படிக்க வேண்டியிருக்கும். டெல்லியில் ஆறு வருடம் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸும் வருவார். கதை படிக்கப் பிடிக்காத பிள்ளை இதில் மூச்சுத் திணறிப் போகும். உங்கள் மகள் அப்படி இல்லை. ஏன் ஸ்பானிஷ் என்று கேட்டேன். "தமிழில் வந்த லத்தீன் அமெரிக்கக் கதைகளில் நிறைய ஆங்கிலம் வழியாக வந்தவை, சார். நேராகக் கொண்டுவர வேண்டும்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழ் அவளுக்குப் பெரிய துணை. 'பெரோ' என்று இரண்டு சொற்கள் உண்டு. ரகரத்தை மெல்லச் சொன்னால் 'ஆனால்', நாக்கை உருட்டி அழுத்தினால் 'நாய்'. அரம், அறம் என்று பிரித்து எழுதிப் பழகியவளுக்கு இது பிடிபட்டுவிடும். 'ஆப்லோ' என்றாலே 'நான் பேசுகிறேன்'. நம்மைப் போலவே வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. சின்னக் குழந்தையையும் "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் நம் கொங்கு நாட்டில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரமம் மேசையும் நாற்காலியும் பெண்பால் என்பதில்தான். அது பழக வேண்டியது.

எங்கே சேர்ப்பது? டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள். அங்கும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் சேர க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி தூரம் என்று அவளுடைய அம்மா பயந்தால் ஹைதராபாத்தை முதலில் வையுங்கள். செகந்திராபாத் போகும் சபரி எக்ஸ்பிரஸ் நம் பக்கம் வழியாகத்தான் போகிறது.

படிக்கும்போதே டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வை எழுதிவிட வேண்டும். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி2க்குக் கீழே நின்றுவிட்டால் வேலை கேட்பது கடினம், சி1 வரை போனால் மொழிபெயர்ப்புக்கும் கற்பித்தலுக்கும் துணிந்து போகலாம். முதுகலை முடித்தால், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்விலும் ஸ்பானிஷ் ஒரு பாடம். விடுமுறைகளில் அவளை ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாம்பிள், காஸ்டிங், ஷிப்மென்ட் என்று தொழில் தெரிந்த ஸ்பானிஷ்காரிக்கு நம் ஊரிலேயே வேலை உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு பையன் இதே ஆசையோடு வந்தான். பி.காம். சேர்ந்துகொள், மொழியைப் பகுதி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஏ2வோடு நின்றுவிட்டான். போன தீபாவளிக்குப் பார்த்தபோது, "இரண்டுமே அரைகுறை சார்" என்றான். அந்த யோசனையை இன்னொரு பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சேர்க்கைக்கு முன் நான்கு மாதம் ஏ1 பாடத்தை இணையத்தில் அவள் படித்துப் பார்க்கட்டும். வினைச்சொல் அட்டவணை வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலும், அவள் எழுதிவைத்திருப்பதாகச் சொன்ன அந்தக் கதை நோட்டும் வேண்டும்.