தொழிற்கூடக் கேள்வி–பதில்: கழற்றிய பம்பைக் கழுவுவதற்கு முன்

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலையில், கூழைக் கெட்டிப்படுத்தும் இயந்திரத்திலிருந்து திரும்பும் வெந்நீர் தரைக்குக் கீழுள்ள தொட்டியில் சேர்கிறது. அதை உறிஞ்சிக் குளிரூட்டும் கோபுரத்துக்கு ஏற்றும் 25 எச்.பி. பம்பில், சென்ற சீசனில் மட்டும் இரண்டு முறை மெக்கானிக்கல் சீல் (சுழலும் ஷாஃப்ட் எனும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும், ஒன்றோடொன்று உரசும் இரு வளைய முகங்கள்) மாற்றினோம். இப்போது அழுத்தம் குறைந்திருப்பதுடன், ஜல்லி உருளுவது போன்ற சத்தமும் வருகிறது. நீர்மட்டம் பம்புக்கு 4.5 மீட்டர் கீழே உள்ளது, நீரின் வெப்பநிலை 40 டிகிரி, கையேட்டில் என்.பி.எஸ்.எச். (பம்பின் நுழைவாயில் நீருக்குக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அழுத்தம்) 3.5 மீட்டர் என்றிருக்கிறது. பம்பைக் கழற்றி எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சீசன் இல்லாத நாட்களில் இந்த வேலையை எடுத்திருப்பது சரியான முடிவு. மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழற்றுபவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபியூஸை எடுத்து ஓரமாக வைப்பது மட்டும் போதாது, விவரம் தெரியாத ஒருவர் அதைத் திரும்பச் செருகிவிட முடியும். பிறகு வால்வுகளை மூடி, கேசிங்கின் (பம்பின் வெளிக்கூட்டின்) அடி பிளக்கைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

பெரும்பாலான பட்டறைகளில் பம்பைத் திறந்தவுடன் நடப்பது, உதிரிப் பாகங்களை டீசலில் போட்டுப் பளிச்சென்று கழுவுவதுதான். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அழுக்கும் உப்புப் படிவும் தேய்மானத் தடமும்தான் பம்புக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் சாட்சிகள். அவற்றைத் துடைத்துவிட்டால், புதிய சீலைப் போட்டு அதே பழுதுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இந்தக் காரணத்தாலேயே, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்து மோட்டாருக்கும் பம்புக்கும் உள்ள நேர்கோட்டை அளந்து எழுதிவைக்க வேண்டும். கழற்றிய பின் அந்த அளவு திரும்பக் கிடைக்காது. கேசிங், பேரிங் பிராக்கெட் இரண்டிலும் சென்டர் பஞ்சால் எதிரெதிரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

இம்பெல்லரின் (நீரைச் சுழற்றித் தள்ளும் இறக்கைச் சக்கரத்தின்) நட்டு சில பம்புகளில் இடப்புரியாக இருக்கும். ஆகவே கையேட்டைப் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். இம்பெல்லர் இறுகிப்போயிருந்தால் புல்லரைப் பயன்படுத்தலாமே தவிர, கேஸ் விளக்கால் சூடேற்றவே கூடாது. உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெடித்து உயிரிழப்பு ஏற்படக்கூடும்.

இம்பெல்லரை வெளியே எடுத்ததும், நீர் நுழையும் வாய்ப்பகுதியில் இறக்கைகளின் தொடக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் கரையான் அரித்த பலகைபோல் பொத்தல் பொத்தலாக, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தால், நீர்க்குமிழிகள் உடைந்து உலோகத்தைப் பிய்த்த கேவிட்டேஷன் பழுது அது. மணல் தேய்த்திருந்தால் தடம் வழவழப்பாக, பெரும்பாலும் இறக்கைகளின் வெளி விளிம்பில் இருக்கும். நீங்கள் எழுதியுள்ள சத்தத்தையும் அளவுகளையும் பார்த்தால் முதலாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கையும் சொல்கிறேன். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் பகுதியில் அது சுமார் 9.7 மீட்டர்தான், 900 மீட்டர் உயர ஓசூரில் சுமார் 9.3. உங்கள் 9.7-இல் உறிஞ்சும் உயரம் 4.5, 40 டிகிரி நீரின் ஆவியழுத்தம் 0.75, குழாய் உராய்வுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 3.45 மீட்டர். பம்புக்குக் குறைந்தபட்சம் வேண்டியதோ 3.5. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் சல்லடையில் சிறிது பாசி அடைத்தாலும் இந்த நிலை மேலும் மோசமாகிவிடும். சல்லடையைச் சுத்தம் செய்து, தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு மீட்டராவது உயர்த்தவோ, உறிஞ்சு குழாயை ஒரு அளவு பெரிதாக்கவோ வழி செய்யாமல் இம்பெல்லரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

சீலையும் கழுவாமல் பாருங்கள். கடினமான முகத்தில் பதிந்துள்ள தடம் கார்பன் முகத்தைவிட அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது என்று பொருள்; மையத்திலிருந்து கதிர்போலப் பிரியும் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் நீரில்லாமல் ஓடியிருக்கிறது. காற்றுப் பக்கத்தில் வெண்மையான உப்பு கட்டியிருந்தால், அது சீல் நகர முடியாதபடி அதைப் பிடித்துவைத்திருக்கும்; உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தும் இடங்களில் இது நடப்பதுண்டு. புதிய சீலின் முகங்களை வெறும் விரலால் தொடக் கூடாது.

அழுத்தம் குறைந்ததற்கு வேர் ரிங்கின் (இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே தேய்மானத்தை ஏற்கும் வளையத்தின்) இடைவெளியையும் அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள புதிய அளவைப்போல் இருமடங்காகியிருந்தால் வளையத்தை மாற்றுங்கள். ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்துச் சுற்றும்போது டயல் கேஜில் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பேரிங்கை இவ்வளவு தூரம் கழற்றிய பிறகு புதிதாகவே போட்டுவிடலாம். கிரீஸை மட்டும் உள்வெளியின் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், அதிகமானால் பேரிங் சூடாகும்.

கேள்வி: எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் உள்ள பழைய பம்பில் மெக்கானிக்கல் சீலுக்குப் பதில் கிளாண்டு பேக்கிங்தான் (ஷாஃப்டைச் சுற்றி இறுக்கி வைக்கும் கயிறு போன்ற அடைப்பு வளையங்கள்). சொட்டு நிற்கும்வரை இறுக்கினால் ஸ்லீவ் (ஷாஃப்டின்மேல் மாட்டிய உறை) சூடாகிறது. என்ன செய்வது?
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: சொட்டை நிறுத்தக் கூடாது. பேக்கிங்குக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவது அந்த நீர்தான். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை விழட்டும். பழைய பேக்கிங்கை முழுவதும் எடுத்தபின் ஸ்லீவின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் ஸ்லீவையே மாற்ற வேண்டும். வளையங்களின் வெட்டுவாய்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்கட்டும். முதலில் தாராளமாகச் சொட்டவிட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு நட்டுகளையும் சமமாக, ஆறில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கி வாருங்கள்.