வீட்டு நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாச் சாதனமும் பார்க்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) இருக்கும் வீடியோவில் பாதி பிஎஸ்4 கேம் கன்சோலில் ஓடுகிறது, பாதி ஓடவில்லை. ரௌட்டரை மாற்றினால் சரியாகுமா?

ரௌட்டருக்குக் காசு போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சில ஃபைல் நன்றாக ஓடுகிறது, சிலது திறக்கவே மாட்டேன் என்கிறது, இரண்டு மூன்று மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் மூன்று வாரம் சுற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு டிஸ்க் போடும் சின்ன நாஸ். அதை வாங்கியதே 1996-ல் நடந்த அக்கா கல்யாண கேசட்டுக்காகத்தான். ஸ்டுடியோவில் கொடுத்து விஎச்எஸ்-ஐ ஃபைலாக மாற்றி வாங்கி நாஸில் ஏற்றினேன். டிவிக்கு அடியில் பையனின் பிஎஸ்4 ஏற்கெனவே இருக்கிறதே என்று அதில் மீடியா பிளேயர் ஆப்பைப் போட்டு ஓடவிட்டேன். அப்பா சோபா நுனிக்கு வந்துவிட்டார். நாதஸ்வரச் சத்தம் லேசாக இழுத்துக்கொண்டு கேட்கிறது, பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்தபடி ஒருவர் கடந்து போகிறார், எங்கள் சித்தப்பா, இப்போது இல்லை. "கொஞ்சம் பின்னாடி போ" என்றார் அப்பா. நான்கு தடவை பின்னாடி போனோம். அப்புறம் பேத்தி காதுகுத்து வீடியோவைப் போடச் சொன்னார், போன வருஷம் என் போனில் எடுத்தது. அது ஓடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழைய கேசட் ஓடுகிறது, நேற்று எடுத்தது மாதிரி இருக்கிற வீடியோ ஓடவில்லை என்றால், சிக்கல் வேகத்தில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடப்பது இதுதான். டிஎல்என்ஏ முறையில் (வீட்டு நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தில் இருக்கும் வீடியோவை இன்னொன்றில் ஓட்டும் வழி) நாஸ் ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுக்கும், அதைப் பிரித்துப் படமாக்குவது கன்சோலின் வேலை. கன்சோலுக்குத் தெரியாத கோடெக்காக (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) இருந்தால் நாஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. 2015-ல் வந்த பிஎஸ்4 மீடியா பிளேயருக்கு எம்பெக்2, எச்.264 எல்லாம் தெரியும், எம்கேவி ஃபைலையும் திறக்கும். ஆனால் எச்.264-க்கு அடுத்து வந்த எச்இவிசி கோடெக் அதன் பட்டியலில் இல்லை. இப்போதைய போன்கள் பலவும் இடம் மிச்சம் பிடிக்க எச்இவிசி-யில்தான் பதிவு செய்கின்றன, ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதலே இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கொடுத்தது எம்பெக்2 என்பதால் கல்யாணம் ஓடியது, காதுகுத்து நின்றுவிட்டது. படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஆடியோ டிடிஎஸ் என்ற வகையாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஓடாத ஃபைலை அதில் திறந்தால் வீடியோ என்ன, ஆடியோ என்ன என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு நாஸே ஓடும்போது மாற்றிக் கொடுக்கட்டும், ப்ளெக்ஸ் என்ற மென்பொருளைப் போடு என்று பலரும் சொல்வார்கள். முடியும், ஆனால் விலை குறைந்த நாஸ்களில் இருக்கும் சின்ன ஏஆர்எம் ப்ராசஸருக்கு அது தாங்காது, என் நாஸில் ஐந்து நொடி ஓடி பத்து நொடி நின்றது. என் கருத்து, வீட்டு வீடியோ என்றால் ஒரே தடவை மாற்றி வைத்துவிடுவதுதான் நல்லது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264, 1080, எம்பி4 என்று தேர்ந்தெடுத்து, ராத்திரி படுக்கப் போகும்போது எல்லா ஃபைலையும் வரிசையில் போட்டுவிட்டுப் போங்கள். டிடிஎஸ் சிக்கலுக்கு இவ்வளவு நேரம்கூட வேண்டாம், எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருளில் வீடியோவைத் தொடாமல் அப்படியே காப்பி செய்யச் சொல்லி, ஆடியோவை மட்டும் பிஎஸ்4-க்குத் தெரிந்த ஆடியோ வகையான 640 கிலோபிட் ஏசி3 ஆக்கினால் முழுப் படமும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மூல ஃபைலை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள், டிவிக்கு என்று தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, திக்குவதற்கு வருவோம். அது வேகம் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் அதற்கும் புது ரௌட்டர் தேவைப்படாது. முதலில் வந்த தடிமனான பிஎஸ்4-ல் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஸ்லிம், ப்ரோ இரண்டிலும்தான் 5 கிகாஹெர்ட்ஸும் வந்தது. அபார்ட்மென்டில் பக்கத்து வீடு, மேல்வீடு எல்லோருடைய வைஃபையும் அந்த 2.4-லேயே நெரிகிறது. டிவிடி தரம் என்றால் நொடிக்கு 10 மெகாபிட்டுக்குள் அடங்கும், சமாளித்துவிடும். ப்ளூரே தரத்தில் வீடியோ மட்டுமே 40 வரை போகும், அங்கேதான் திக்கும். ஒரு கேட்6 கேபிள் வாங்கி ரௌட்டரிலிருந்து கன்சோலுக்கு இழுத்துவிடுங்கள், எல்லா பிஎஸ்4-லும் கிகாபிட் போர்ட் இருக்கிறது. நான் கதவு நிலையை ஒட்டிக் கிளிப் அடித்துக் கொண்டுபோனேன், பதினைந்து மீட்டர் பிடித்தது, அதோடு திக்கல் போயே போய்விட்டது.

கேபிள் மாற்றும்போது திடீரென்று நாஸ் பட்டியலிலேயே காணாமல் போகலாம், எனக்குப் போனது. ஃபைபர் கனெக்‌ஷனுக்குக் கொடுத்த பெட்டி ஒன்று, நாமே வாங்கிய ரௌட்டர் இன்னொன்று, இரண்டும் தனித்தனியாக ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் கிடைக்கும் எண்) கொடுத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். டிஎல்என்ஏ தேடல் ஒரே நெட்வொர்க்குக்குள்தான் நடக்கும், அதைத் தாண்டாது. நாஸ் 192.168.1 வரிசையிலும் கன்சோல் 192.168.0 வரிசையிலும் இருந்தால் இதுதான் காரணம். இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனியாக ஐபி கொடுக்காமல் இணைப்பை மட்டும் தரும் முறை) மாற்றினால் சரியாகிவிடும்.

பிஎஸ்5 வாங்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதில் இந்த மீடியா பிளேயர் ஆப் வேலை செய்யாது, ப்ளெக்ஸ் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே பிஎஸ்4-ஐ விற்றுவிடாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் பக்கம் போனால் விஎல்சி, கோடி என்ற வீடியோ பிளேயர் ஆப்கள் இரண்டுமே கிடைக்கின்றன. கோடி என்பதே பழைய முதல் எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் பிறந்த மென்பொருள்தான், 2014-ல் பெயர் மாறி, 2017-ல் மறுபடியும் எக்ஸ்பாக்ஸுக்கே திரும்பி வந்தது.

இன்னும் இரண்டு விஷயம். டிஎல்என்ஏ-வுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, வைஃபையில் இணைகிற யார் வேண்டுமானாலும் அந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், எனவே வீட்டுக் கணக்கு, ஆதார் நகல் எல்லாவற்றையும் அதற்கு வெளியே வையுங்கள். ஆபீஸிலிருந்தும் பார்க்கலாமே என்று ரௌட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடாதீர்கள். 2022 தொடக்கத்தில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) பூட்டியது இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ்களைத்தான். இரண்டு டிஸ்க்கில் ஒரே ஃபைல் இருக்கிறது என்பதும் பேக்கப் ஆகாது, தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே போகும். கேசட்டைத் திரும்ப ஓட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றால், கடைசிவரை கேசட் ஓட்டும் விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய்கூட 2016-ல் நிறுத்திவிட்டது. எங்கள் கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி தனி ஹார்ட் டிஸ்க்கில், திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.