ரிவரில் ப்ளஃப் ஏன் எடுபடவில்லை?

வணக்கம். டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் சீட்டாட்டத்தில் டர்ன் (மேசையில் விழும் நான்காவது பொதுச் சீட்டு) வரை செக் மட்டுமே செய்துவிட்டு, அதாவது பந்தயம் வைக்காமல் கடத்திவிட்டு, மேசையில் மூன்றாவது இஸ்பேட் ரிவரில் (கடைசியான ஐந்தாவது பொதுச் சீட்டாக) விழுந்ததும் 600 சிப்ஸ் இருந்த பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) மேலும் 600 வைத்து ப்ளஃப் செய்ததாகவும் (பலமில்லாத கையைப் பலமானதுபோல் காட்டியதாகவும்), எதிரே இருந்த இருவரில் ஒருவர் ஒற்றை ஜோடியுடன் கால் செய்துவிட்டதாகவும் (அதே தொகையை வைத்து ஆட்டத்தில் நின்றதாகவும்) எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலில் குறையில்லை. எதிரே இருந்த ஆட்களின் எண்ணிக்கைதான் சிக்கல். பாட்டின் அளவுக்கே பந்தயம் வைத்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை அனைவரும் ஃபோல்ட் செய்தால்தான் (சீட்டைப் போட்டுவிட்டு விலகினால்தான்) லாபம் வரும். ஒவ்வொருவரும் தனித்தனியே 60 சதவீதம் விலகக்கூடியவர் என்று வைத்துக்கொண்டாலும், இருவரும் சேர்ந்து விலகுவது 36 சதவீதம் மட்டுமே. ஒருவருக்கு எதிராக மட்டும் வைத்திருந்தால், அதே 600 நல்ல ஆட்டமாக இருந்திருக்கும்.

கையில் இஸ்பேட் ஏஸ் இருந்ததா? இருந்திருந்தால், மிகப் பெரிய ஃப்ளஷ் (ஒரே இனத்துச் சீட்டுகள் ஐந்து) எதிராளியிடம் இருக்கவே முடியாது. ப்ளஃபுக்கு அது உண்மையான பலம்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு டர்னிலேயே, நான்கு இஸ்பேட் சேர்ந்த கையோடு பந்தயம் வைத்துப் பழகுங்கள். அவர்கள் விலகாவிட்டாலும், நீங்கள் காணாத 46 சீட்டுகளில் 9 சீட்டுகள், அதாவது ஏறத்தாழ 20 சதவீதம், ஃப்ளஷை முடித்துக் கொடுக்கும். ஒற்றை ஜோடியுடன் கால் செய்த அந்த ஆட்டக்காரரிடம் மட்டும் ப்ளஃப் செய்யாமல், நல்ல கை வரும்போது தாராளமாக வையுங்கள்.